பெருக்கக் காரணி பொருந்தினால் ஆய்வு உலையின் கணினி மாதிரி உறுதிப்பட்டதாகுமா?

250 கிலோவாட் டிரிகா வகை ஆய்வு உலை ஒன்றின் மையத்தை, அதாவது எரிபொருள் இருக்கும் பகுதியை, மாண்டே கார்லோ நிரலில் (நியூட்ரான்களின் பயணத்தைத் தற்செயல் எண்களால் ஒவ்வொன்றாகப் பின்தொடரும் நிரல்) மாதிரியாக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டுப்பாட்டுத் தண்டுகளை உலை உண்மையில் மாறுநிலையை (தொடர்வினை கூடாமலும் குறையாமலும் தானே நீடிக்கும் நிலை) எட்டிய உயரத்திலேயே வைத்துக் கணக்கிட்டபோது, பெருக்கக் காரணி (ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்ற எண்) 1.000 வர வேண்டிய இடத்தில் 1.003 வந்திருக்கிறது, கணக்கின் புள்ளியியல் பிழை 0.0001 மட்டுமே. மாதிரி உறுதிப்பட்டுவிட்டது என்று கொண்டு, கதிரூட்டும் துளைகளின் (பொருள்களை வைத்து நியூட்ரான்களுக்கு உட்படுத்தும் இடங்கள்) நியூட்ரான் பாயத்தையும், அதாவது அங்கே நொடிக்கு எவ்வளவு நியூட்ரான்கள் பாய்கின்றன என்பதையும், திட்டமிட்டுள்ள எரிபொருள் மாற்றத்தையும் இதே மாதிரியால் கணக்கிடலாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு முடியாது என்பதே என் பதில். உங்கள் மாதிரி தவறு என்று நான் சொல்லவில்லை. அது எதற்குச் சரி என்பதை இந்த ஓர் எண்ணால் காட்ட முடியாது என்கிறேன்.

1-இலிருந்து 0.003 விலகல் என்பது ஏறத்தாழ 300 பிசிஎம், அதாவது ஒரு லட்சத்தில் 300 பங்கு. மாறுநிலையிலிருந்து உலை எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவே ரியாக்டிவிட்டி. டிரிகா உலைகளில் தாமத நியூட்ரான்களின் (பிளவு நடந்து சற்று நேரம் கழித்து வெளிவருபவை) பயனுறு பங்கு ஏறத்தாழ 0.007, அந்தப் பங்குக்குச் சமமான ரியாக்டிவிட்டியைத்தான் ஒரு டாலர் என்கிறோம். ஆகவே உங்கள் விலகல் அரை டாலருக்குச் சற்றுக் குறைவு. உலையை இயக்குபவருக்கு இது பெரிய அளவு. ஆனால் இந்த விலகலை உங்கள் கணக்கின் 10 பிசிஎம் புள்ளியியல் பிழையோடு ஒப்பிடக் கூடாது. அந்த 10 பிசிஎம், நீங்கள் கொடுத்த உள்ளீடுகளுக்கு நிரல் எவ்வளவு துல்லியமாக விடை கண்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. உள்ளீடுகள் உலையை எவ்வளவு துல்லியமாக விவரிக்கின்றன என்பதைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. துகள்களின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினால் அந்தப் பிழை இன்னும் சுருங்கும், உலையைப் பற்றிய உங்கள் அறிவு அப்படியேதான் இருக்கும்.

அந்த அறிவின் எல்லை எவ்வளவு என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்லோவேனியாவில் இருக்கிறது. லியூப்லியானாவின் யோசெஃப் ஸ்டெஃபான் நிறுவனத்தில் உள்ள 250 கிலோவாட் டிரிகா மார்க் 2 உலை 1966 முதல் இயங்குகிறது. 1991-இல் அதைப் புதுப்பித்தபோது, 20 விழுக்காடு செறிவூட்டிய புதிய எரிபொருளைக் கொண்டு, மாறுநிலை அளவீடுகளை மாதிரிகளின் ஒப்பீட்டுக்கென்றே திட்டமிட்டுச் செய்தார்கள். அவை பின்னர் பன்னாட்டு மாறுநிலைப் பாதுகாப்பு ஒப்பீட்டுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. எரியாத எரிபொருள், ஒரே வகை எரிபொருள் தண்டுகள், நன்கு ஆவணப்படுத்தப்பட்ட வடிவமைப்பு என்று எல்லாம் சாதகமாக இருந்தும், மதிப்பீட்டாளர்கள் பெருக்கக் காரணிக்குக் கொடுத்த நிச்சயமின்மை ஏறத்தாழ 0.0056, அதாவது 560 பிசிஎம். உங்கள் உலையில் இருப்பதோ பல ஆண்டுகள் எரிந்த எரிபொருள். ஆகவே அதன் நிச்சயமின்மை இதைவிடக் குறைவாக இருக்க வழியில்லை. 300 பிசிஎம் விலகல் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால் அது மாதிரியை மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை.

இந்த நிச்சயமின்மை எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு எரிபொருள் தண்டிலும் உள்ள யுரேனியத்தின் எடை, செறிவு, சிர்க்கோனியம் ஹைட்ரைடில் ஒரு சிர்க்கோனியம் அணுவுக்கு எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள் என்ற விகிதம் (பெயரளவில் 1.6), துருப்பிடிக்காத எஃகு உறையின் தடிமன், மையத்தைச் சூழ்ந்து நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பும் கிராஃபைட் எதிரொளிப்பானின் அடர்த்தியும் அதில் கலந்துள்ள மாசுகளும், நீரின் வெப்பநிலை, கட்டுப்பாட்டுத் தண்டுகளின் உண்மை உயரம் ஆகிய ஒவ்வொன்றையும் அதன் உற்பத்தி வரம்புக்குள் மாற்றி, பெருக்கக் காரணி எவ்வளவு நகர்கிறது என்று பட்டியலிடுங்கள். பலர் இந்த வேலையைச் சலிப்பானது என்று தள்ளிவைக்கிறார்கள். என் கருத்தில் உறுதிப்படுத்தும் பணியின் பாதி இதுதான், ஏனென்றால் எந்த உள்ளீட்டைப் பற்றி நமக்குப் போதிய அறிவு இல்லை என்பதை இந்தப் பட்டியல்தான் முதன்முறையாகக் காட்டுகிறது.

உள்ளீடுகளில் அணுக்கருத் தரவு நூலகமும் ஒன்று என்பது எளிதில் மறந்துபோகிறது. டிரிகா எரிபொருளின் எடையில் பெரும்பகுதி சிர்க்கோனியம். அது நியூட்ரானை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்று பாடநூலில் படித்திருப்போம். ஆனால் இவ்வளவு சிர்க்கோனியம் குவிந்திருக்கும் மையத்தில், ஒரு நூலகத்தின் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் இடையே சிர்க்கோனியத்தின் குறுக்குவெட்டு மதிப்புகளில் (ஓர் அணுக்கரு நியூட்ரானோடு வினைபுரியும் வாய்ப்பின் அளவு) செய்யப்பட்ட திருத்தமே பெருக்கக் காரணியைச் சில நூறு பிசிஎம் நகர்த்திவிடுகிறது. எனவே நூலகத்தின் பெயரும் பதிப்பும் குறிப்பிடப்படாத 1.003-க்குப் பொருளே இல்லை. வேறொரு நூலகத்தால் 0.999 வந்தால், அது 1-க்கு அருகில் இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பதும் முறையல்ல.

இதைவிடக் கவலை தரும் வழக்கம் ஒன்று உண்டு. கணக்கு 1.003 என்று வந்தவுடன், கிராஃபைட்டில் ஒரு மில்லியனில் ஓரிரு பங்கு போரான் மாசு இருப்பதாகச் சேர்த்து அதை 1.000-க்கு இறக்கிவிடுவார்கள். போரான்-10 வெப்ப நியூட்ரான்களை (வேகம் தணிந்த நியூட்ரான்கள்) 3,840 பார்ன் அளவில் (பார்ன் என்பது குறுக்குவெட்டின் அலகு) விழுங்குவதால் மிகச் சிறிய அளவே போதும். ஆய்வகச் சான்றிதழ் இல்லாத நிலையில் அதை யாரும் மறுக்கவும் முடியாது. ஆனால் விலகலுக்கு உண்மைக் காரணம் எரிபொருளில் ஹைட்ரஜன் விகிதத்தைத் தவறாகக் கொண்டதாக இருந்தால், இப்போது மாதிரியில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன. வரவு செலவுக் கணக்கில் மொத்தம் சரியாக இருந்தும் உள்ளே இரண்டு பதிவுகள் தவறாக இருக்க முடியும் அல்லவா, அப்படித்தான் இதுவும். மையத்தின் பெருக்கக் காரணி சரியாக வரும். எதிரொளிப்பானில் உள்ள கதிரூட்டும் துளையில் நியூட்ரான் பாயமோ பல விழுக்காடு தவறிப்போகும். ஓர் அளவீட்டைக் கொண்டு மாதிரியைச் சீரமைத்தால், அதே அளவீடு அந்த மாதிரிக்குச் சாட்சியாக முடியாது. சீரமைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் செய்யுங்கள். ஆனால் எதைக் கொண்டு சீரமைத்தீர்கள், எதைக் கொண்டு சோதித்தீர்கள் என்று தனித்தனியே எழுதுங்கள்.

வேறொரு நிரலோடு ஒப்பிட்டுவிட்டேன், 20 பிசிஎம்முக்குள் ஒத்துப்போகிறது என்றும் சிலர் வாதிடுவார்கள். அது வேறு வகைச் சோதனை. சர்வதேச அணுசக்தி முகமை 1980-இல், உயர் செறிவு எரிபொருளிலிருந்து குறை செறிவு எரிபொருளுக்கு மாறும் ஆய்வு உலைகளுக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் தகட்டு எரிபொருள் கொண்ட 10 மெகாவாட் உலை ஒன்றின் வரையறை கொடுக்கப்பட்டு, பல நாட்டு ஆய்வகங்கள் அதைத் தத்தம் நிரல்களால் கணக்கிட்டன. இன்றும் புதிய நிரல் எழுதுவோர் முதலில் அதைத்தான் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். பயனுள்ள பயிற்சிதான், ஆனால் அந்த உலை எங்கும் கட்டப்பட்டதில்லை, அதில் யாரும் எதையும் அளந்ததில்லை. இரண்டு நிரல்கள் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே சமன்பாட்டைச் சரியாகத் தீர்க்கின்றன என்று தெரிகிறது. இரண்டும் ஒரே தரவு நூலகத்தையும் ஒரே வரைபடத்தையும் எடுத்துக்கொண்டிருந்தால், அவற்றில் உள்ள தவறும் இரண்டுக்கும் பொதுவாகத்தான் இருக்கும். இந்தக் குறையை உணர்ந்துதான் முகமை பின்னர் உண்மையான உலைகளின் அளவீடுகளைத் திரட்டி 2015-இல் ஒரு தரவுத் தொகுப்பாக வெளியிட்டது: எகிப்தின் இடிஆர்ஆர்-2, ஆஸ்திரேலியாவின் ஓபல், பிரேசிலின் ஐஇஏ-ஆர்1, இந்தோனேசியாவின் ஆர்எஸ்ஜி-காஸ் போன்ற உலைகளின் அளவீடுகள் அதில் இருக்கின்றன. உங்கள் உலை வேறு வகையைச் சேர்ந்தது என்றாலும், ஒப்பீட்டுக்கு என்னென்ன விவரங்கள் தேவை என்பதை அறிய அந்தத் தொகுப்பைப் பாருங்கள்.

இனி, உங்கள் உலையிலேயே செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். முதலாவது, கட்டுப்பாட்டுத் தண்டுகளின் மதிப்பு. பெருக்கக் காரணியின் தனி மதிப்பில் 560 பிசிஎம் நிச்சயமின்மை இருந்தாலும், ஒரே மையத்தின் இரண்டு நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டில் அது பெரும்பாலும் கழிந்துபோகிறது. யுரேனிய எடையில் உள்ள பிழை இரண்டு நிலைகளிலும் ஒரே அளவில் இருப்பதே காரணம். ஆகவே தண்டு உள்ளே இருக்கும்போதும் வெளியே இருக்கும்போதும் கணக்கிட்டு வேறுபாட்டை எடுத்தால், மாதிரியைக் கூர்மையாகச் சோதிக்கும் ஓர் அளவு கிடைக்கிறது. ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். நான்கு தண்டுகளின் கூட்டுத்தொகை பொருந்தி, ஒரு பக்கத் தண்டுகள் கூடுதலாகவும் எதிர்ப்பக்கத் தண்டுகள் குறைவாகவும் வந்தால், மையத்தில் நியூட்ரான் பாயம் சாய்ந்திருக்கிறது, அதாவது எரிந்த எரிபொருளின் பரவலை நீங்கள் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இங்கே ஒரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். தண்டின் மதிப்பை யாரும் நேரடியாக அளப்பதில்லை. தண்டைச் சிறிது உயர்த்தியபின் உலையின் ஆற்றல் இரட்டிப்பாக எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் அளக்கப்படுகிறது. தாமத நியூட்ரான் மாறிலிகளைக் கொண்டு அந்த நேரத்தை ரியாக்டிவிட்டியாக மாற்றுகிறார்கள். உலையின் பதிவேட்டில் உள்ள டாலர் மதிப்புகள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய மாறிலிகளால் மாற்றப்பட்டவையாக இருக்கலாம். உங்கள் நிரலோ இன்றைய நூலகத்தின் மாறிலிகளைப் பயன்படுத்துகிறது. அப்படி இருக்கும்போது 5 விழுக்காடு வேறுபாடு வந்தால், அது மாதிரியின் பிழையா, மாற்றுச் சூத்திரத்தின் பிழையா என்று சொல்ல முடியாது. இயன்றவரை மூலப் பதிவில் உள்ள இரட்டிப்பு நேரங்களைத் தேடி எடுத்து, அவற்றை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நியூட்ரான் பாயத்தின் பரவல். கதிரூட்டும் துளைகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேரடியான சான்று இதுதான். அலுமினியத்தில் 0.1 விழுக்காடு தங்கம் கலந்த மெல்லிய தகடுகளைத் துளைகளில் வைத்துக் கதிரூட்டி, தங்கம்-198 உமிழும் 412 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை எண்ணுவது வழக்கம். அதன் அரை ஆயுள் 2.7 நாள் என்பதால் அவசரப்படாமல் எண்ணலாம். தூய தங்கத் தகடாக இருந்தால், 4.9 எலக்ட்ரான்வோல்ட்டில் உள்ள வலிய உடனிசைவில் (அந்த ஆற்றலில் மட்டும் உறிஞ்சுதல் மிகக் கூடும்) தகட்டின் மேற்பரப்பே உட்பகுதியை மறைத்துவிடும். கலவையில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. தகட்டை ஒருமுறை வெறுமனேயும் ஒருமுறை வெப்ப நியூட்ரான்களைத் தடுக்கும் காட்மியம் உறைக்குள்ளும் வைத்தால், வெப்ப நியூட்ரான்களையும் அதற்கு மேற்பட்ட ஆற்றலுடையவற்றையும் பிரித்தறியலாம். அதே தகட்டின் அலுமினியம், சில மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட நியூட்ரான்களால் சோடியம்-24 ஆக மாறுகிறது. அதன் அரை ஆயுள் 15 மணி. இப்படி ஒரே தகடு நிறமாலையின் இரண்டு முனைகளையும் சோதிக்க உதவுகிறது. தங்கத்தின் விகிதம் பொருந்தி அலுமினியத்தின் விகிதம் பொருந்தாவிட்டால், துளையைச் சுற்றியுள்ள நீரின் தடிமனையும் அருகிலுள்ள எரிபொருள் தண்டின் இடத்தையும் முதலில் சரிபாருங்கள்.

தனி மதிப்புகளை ஒப்பிடுவதற்கு முன் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் உள்ள விகிதங்களை ஒப்பிடச் சொல்வேன். மாண்டே கார்லோ கணக்கு ஒரு மூல நியூட்ரானுக்கு இவ்வளவு என்றுதான் விடை தரும். அதை உண்மைப் பாயமாக்க உலையின் வெப்ப ஆற்றலால் பெருக்க வேண்டும். தொட்டி நீர் சூடாகும் வேகத்தைக் கொண்டு அளந்த ஆற்றலில் சில விழுக்காடு பிழை இருப்பது சாதாரணம். கட்டுப்பாட்டுத் தண்டு நகரும்போது, ஆற்றலைக் காட்டும் உணர்கருவியின் அருகில் பாயம் மாறுவதால், உண்மையான ஆற்றல் மாறாமலே காட்டும் எண் மாறவும் கூடும். விகிதங்களில் இந்தப் பிழைகள் இல்லை.

மூன்றாவது, வெப்பநிலை. டிரிகா உலையின் பாதுகாப்பே எரிபொருள் சூடானவுடன் ரியாக்டிவிட்டி இறங்குவதில் இருக்கிறது. சிர்க்கோனியம் ஹைட்ரைடின் படிக அமைப்பில் ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ 0.14 எலக்ட்ரான்வோல்ட் படிகளில் அதிர்கிறது. எரிபொருள் சூடாகும்போது அந்த அதிர்வுகளிலிருந்து வெப்ப நியூட்ரான்கள் ஆற்றலைப் பெற்று, பிளவை உண்டாக்காமலேயே எரிபொருளைவிட்டு நீருக்குள் தப்பிப் போகின்றன. இதைக் கணக்கிட, ஹைட்ரைடில் கட்டுண்ட ஹைட்ரஜனுக்கான சிதறல் அட்டவணைகள் வேண்டும். அவை சில குறிப்பிட்ட வெப்பநிலைகளுக்கு மட்டுமே தயாராகக் கிடைக்கின்றன. அறை வெப்பநிலையில் பெருக்கக் காரணி மிகச் சரியாக வந்தாலும், 300 செல்சியஸில் அது எந்தச் சரிவோடு இறங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது. உங்கள் உலையில் வெப்ப மின்னிரட்டை (வெப்பநிலையை அளக்கும் உணர்கருவி) பொருத்திய எரிபொருள் தண்டு இருந்தால், ஆற்றலைப் படிப்படியாக உயர்த்தும்போது தண்டின் வெப்பநிலை, மாறுநிலையைக் காக்கத் தேவைப்பட்ட கட்டுப்பாட்டுத் தண்டு உயரம் ஆகிய இரண்டையும் சேர்த்து எடுத்து மாதிரியோடு ஒப்பிடலாம். எரிபொருளுக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்பது தண்டுக்குத் தண்டு மாறுவதால், இந்த ஒப்பீட்டில் மிகுந்த துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

எரிந்த எரிபொருளின் கலவையை நீங்கள் எரிப்புக் கணக்கிலிருந்து எடுத்திருப்பீர்கள். அந்தக் கணக்கின் உள்ளீடு உலையின் இயக்க வரலாறு. அதிலுள்ள ஆற்றல் பிழை அப்படியே எரிப்பின் பிழையாகிறது. ஓரிரு எரிபொருள் தண்டுகளில், பிளவில் உண்டாகும் சீசியம்-137 உமிழும் காமாக் கதிரை அளந்து சரிபார்க்க முடிந்தால் நல்லது. மாறுநிலை அளவீட்டைத் திங்கட்கிழமைக் காலை, வார இறுதி ஓய்வுக்குப் பின் உலையை முதலில் இயக்கும்போது எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்: பிளவின் விளைவாக உண்டாகி நியூட்ரான்களை விழுங்கும் செனான்-135-இன் அரை ஆயுள் 9 மணி என்பதால், அதற்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும்; வாரத்தின் நடுவில் எடுத்ததென்றால் அதையும் மாதிரியில் சேர்க்க வேண்டும். பெரிலியம் எதிரொளிப்பான் உள்ள உயர் பாய உலைகளில் இதைவிடக் கடினமான நிலை உண்டு. வேக நியூட்ரான்கள் பெரிலியத்தைத் தாக்குவதால் லித்தியம்-6 உண்டாகிறது, அது டிரிடியத்தைத் தருகிறது, டிரிடியம் 12.3 ஆண்டு அரை ஆயுளோடு ஹீலியம்-3 ஆகிறது. இந்த ஹீலியம் 5,000 பார்னுக்கு மேற்பட்ட உறிஞ்சியாதலால், நெடுநாள் நிறுத்தி வைத்த உலை மீண்டும் தொடங்கும்போது ரியாக்டிவிட்டி இழந்திருக்கும். பெல்ஜியத்தின் மோல் நகரிலுள்ள பிஆர்2 உலையைக் கணக்கிடுவோர் பெரிலியத் துண்டுகளின் வரலாற்றையும் எரிபொருளின் வரலாற்றைப் போலவே தொடர்ந்து கணக்கிட வேண்டியிருக்கிறது. உங்கள் எதிரொளிப்பான் கிராஃபைட் மட்டுமே என்றால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்பதும் உலையைப் பொறுத்தது. கல்பாக்கத்தில் 1996-இல் மாறுநிலையை எட்டிய காமினி, யுரேனியம்-233 எரிபொருளில் இயங்கும் 30 கிலோவாட் உலை. யுரேனியம்-233-இன் தாமத நியூட்ரான் பங்கு ஏறத்தாழ 0.0027 மட்டுமே. உங்கள் உலையில் அரை டாலருக்குக் குறைவான அதே 300 பிசிஎம், அந்த எரிபொருளில் ஒரு டாலருக்கு மேலாகிவிடும். அந்த எரிபொருளின் அணுக்கருத் தரவுகளும் யுரேனியம்-235 அளவுக்குச் சோதிக்கப்பட்டவை அல்ல. அங்கே கணக்கை மட்டும் நம்பவில்லை. காமினிக்கு முன்பே டிராம்பேயில் பூர்ணிமா-3 என்ற மாதிரி உலையை அதே வகை எரிபொருளும் பெரிலியம் ஆக்சைடு எதிரொளிப்பானும் கொண்டு அமைத்து அளந்து பார்த்தார்கள். நிகழவிருக்கும் உலைக்கு மிக நெருங்கிய அமைப்பில் முன்கூட்டியே அளப்பதைவிடச் சிறந்த உறுதிப்பாட்டு முறை எனக்குத் தெரிந்து இல்லை.

மாதிரி சோதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே அதை நீட்டுவதில் என்ன ஆபத்து என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோவில் நடந்த ஸ்பெர்ட்-1 சோதனைகளைச் சொல்ல வேண்டும். அலுமினிய உறையிட்ட தகட்டு எரிபொருள் மையத்தில் ரியாக்டிவிட்டியைச் சட்டென்று ஏற்றி, ஆற்றல் எழுச்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1962 நவம்பர் 5 அன்று நடந்த இறுதிச் சோதனையில், ஆற்றல் ஒவ்வொரு 3.2 மில்லி விநாடியிலும் 2.7 மடங்காகப் பெருகியது. ஆற்றலின் போக்கு முந்தைய சோதனைகளிலிருந்து நீட்டிக் கணித்தபடியே இருந்தது. ஆனால் உச்சத்துக்குச் சில மில்லி விநாடிகள் கழித்து, உருகிய தகடுகளும் நீரும் சேர்ந்து எழுப்பிய அழுத்தம் மையத்தையே சிதைத்தது. முந்தைய சோதனைகளின் போக்கில் அதற்கான அறிகுறி இருக்கவில்லை. நியூட்ரான் கணக்கில் பிழையில்லை. சேதத்தை உண்டாக்கிய நிகழ்வு அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

ஆகவே உங்கள் இரண்டு நோக்கங்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். கதிரூட்டும் துளைகளுக்கு, கட்டுப்பாட்டுத் தண்டுகளின் தனித்தனி மதிப்புகளும் தங்கம், அலுமினிய விகிதங்களும் கணக்கு, அளவீடு ஆகிய இரண்டின் பிழைவரம்புகளுக்குள் பொருந்தினால், அளந்த துளைகளிலும் அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களிலும் மாதிரியைப் பயன்படுத்தலாம். எந்த எரிபொருள் அடுக்கு, எந்த வெப்பநிலை, எந்த நூலகம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எரிபொருள் மாற்றத்துக்கு அது போதாது. புதிய எரிபொருளில் யுரேனியத்தின் எடை விகிதம் வேறாக இருந்தால், அதே வகை எரிபொருள் கொண்ட வேறொரு டிரிகா உலையின் வெளியிடப்பட்ட அளவீட்டை, உங்கள் மாதிரிக்குப் பயன்படுத்திய அதே நூலகம், அதே முறையால் கணக்கிட்டு விலகலைக் காண வேண்டும். அந்த விலகலும் உங்கள் உலையின் 300 பிசிஎம்மும் ஒரே திசையில், ஒத்த அளவில் இருந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய மாறுநிலைக் கணிப்பில் அதைத் திருத்தமாகச் சேர்க்கலாம். எதிர்த் திசையில் வந்தால், அடிப்படை உள்ளீடுகளின் பட்டியலுக்கே திரும்ப வேண்டும். அதற்கு முன்னால் உலை இயக்குநர்களிடமிருந்து மூலப் பதிவேடுகளை, தண்டு உயரங்கள், நீர் வெப்பநிலைகள், இரட்டிப்பு நேரங்கள் ஆகியவற்றோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.